மனம் நோயுற்ற ஒருவர் நம் வீட்டில் இருந்தால்...

மஹல்லாவில் ஒருவருக்கு இருதய அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் நாம் சும்மா இருப்பதில்லை. அஸர் தொழுதுவிட்டு நாலைந்து பேராகச் சேர்ந்து போகிறோம். ஆப்பிளும் ரொட்டியும் வாங்கிச் செல்கிறோம். எந்த மருத்துவர், எவ்வளவு செலவு, என்ன பத்தியம் என்றெல்லாம் விசாரித்து, துஆச் செய்துவிட்டுத் திரும்புகிறோம். நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிமுக்கு இன்னொரு முஸ்லிம் செலுத்த வேண்டிய கடமை என்று மதரஸாவில் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கே கற்றுக் கொடுக்கிறோம்.

அதே தெருவில் இன்னொரு வீடு. கல்லூரியில் படித்துக் கொண்டிருந்த மகன் இரண்டு மாதங்களாக அறையை விட்டு வெளியே வருவதில்லை. குளிப்பதில்லை. யாரோ தன்னைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பதாகச் சொல்லிக் காதைப் பொத்திக் கொள்கிறான். இந்த வீட்டின் வாசற்படியை நம்மில் எத்தனை பேர் மிதித்திருக்கிறோம்? வீட்டாரும்தான் என்ன செய்வார்கள்? கேட்பவர்களிடம், "பையன் சென்னையில் வேலை தேடிக் கொண்டிருக்கிறான்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக் கொள்கிறார்கள். வீட்டில் மணமாக வேண்டிய ஒரு பெண்பிள்ளையும் இருந்துவிட்டால் கதவு இன்னும் இறுக்கமாகச் சாத்தப்படுகிறது.

அன்புள்ள வாசகர்களே! இத்தகைய இல்லங்களில் உள்ளவர்களுக்காகவும், அவர்களின் உற்றார் உறவினருக்காகவுமே இக்கட்டுரையை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் ஆசிரியன். ஆயினும் நம் சமுதாயத்தில் மனம் நோயுற்றவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதற்கு முன்னால் எங்களைப் போன்றவர்களிடம்தானே அழைத்து வருகிறீர்கள்! தண்ணீரில் ஓதி ஊதித் தரும்படி கேட்கும் தாய்மார்களின் கண்ணீரைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருபவன் என்ற முறையில் சில செய்திகளைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஈமானில் பலவீனமா?

"ஐந்து வேளையும் ஒழுங்காகத் தொழுதால் இந்த நோயெல்லாம் வருமா?" என்று சிலர் கேட்கிறார்கள். நோயாளியின் முகத்துக்கு நேராகவே கேட்கிறார்கள். இவர்களுக்கு யஃகூப் (அலை) அவர்களின் வரலாற்றை நினைவூட்ட விரும்புகிறேன். அருமை மைந்தர் யூஸுஃபைப் பிரிந்த துயரத்தால் அந்த நபியின் கண்களே வெளுத்துப் போயின என்று திருக்குர்ஆனின் 12ஆம் அத்தியாயம் கூறுகிறது. ஒரு நபிக்கு ஈமான் குறைந்துவிட்டது என்று யாரேனும் சொல்லத் துணிவார்களா? அப்போது வீட்டிலிருந்த மற்ற மைந்தர்கள் என்ன சொன்னார்கள் என்பதையும் அதே அத்தியாயத்தில் படித்துப் பாருங்கள். இன்னுமா யூஸுஃபை நினைத்துக் கொண்டிருக்கிறீர், இப்படியே உருகி அழிந்து போவீர் என்ற பொருளில் தந்தையைக் கடிந்து கொண்டார்கள். துயருற்றவரைக் கடிந்து பேசும் பழக்கம் எவ்வளவு பழமையானது பாருங்கள்! நபி (ஸல்) அவர்களும் கதீஜா நாயகி (ரலி) அவர்களையும் பெரிய தந்தை அபூதாலிபையும் அடுத்தடுத்து இழந்த ஆண்டைத் துக்க ஆண்டு என்றே வரலாற்று ஆசிரியர்கள் குறிப்பிடுகின்றனர்.

தூங்குபவர் விழிக்கும் வரை, சிறுவர் பருவமடையும் வரை, சித்தம் பேதலித்தவர் தெளிவடையும் வரை இம்மூவர் மீதும் எழுதுகோல் உயர்த்தப்பட்டு விட்டது, அதாவது இவர்களது செயல்கள் குற்றமாகப் பதியப்படுவதில்லை என்பது நபிமொழி. அல்லாஹ்வே கணக்கில் எழுதாத ஒன்றை நாம் எழுதி வைத்துக்கொண்டு ஆயுள் முழுதும் சொல்லிக் காட்டுவது என்ன நியாயம்?

மனத்துக்கு நோய் வரும், அதற்கு மருந்தும் உண்டு என்பதை நம் முன்னோர்கள் அறிந்திருந்தார்கள். கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்ற பேரறிஞர், உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் சேர்த்து ஒரே நூலாக எழுதினார். காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணமே தெரியாமல் வந்து கவ்வுகிற துயரம் வேறு. பின்னது உடலிலிருந்து எழுவது, ஆகவே உடலுக்கும் மருத்துவம் வேண்டும் என்று பிரித்துக் காட்டினார். 1154இல் டமாஸ்கஸ் நகரில் நூருத்தீன் ஸங்கி கட்டிய மருத்துவமனையும், 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையும் மனநோயாளிகளையும் ஏற்று மருத்துவம் செய்தன. துருக்கியின் எதிர்னே நகரில் 1488இல் இரண்டாம் பாயஸீத் சுல்தான் எழுப்பிய மருத்துவமனையில் இசையும் நீரோசையும் மலர்களின் மணமும் மனநோயாளிகளுக்கு மருந்தாக அளிக்கப்பட்டன. அக்கட்டடம் இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது.

இத்தகைய மரபுக்குரிய நாம் 2001 ஆகஸ்டு 6ஆம் நாளையும் மறக்கலாகாது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் அதிகாலையில் தீப்பிடித்தது. கீற்றுக் கொட்டகை. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 உயிர்கள் கருகின. அவர்களில் எல்லாச் சமயத்தாரும் இருந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டுச் சென்றவர்கள் பகைவர்கள் அல்லர். பெற்றோர், உடன்பிறந்தோர், வாழ்க்கைத் துணைவர். வேறு வழி தெரியாதவர்கள். இன்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், எந்த வகையிலும் நோயாளியைச் சங்கிலியிடக் கூடாது என்று திட்டவட்டமாகத் தடை செய்திருக்கிறது. தர்காவுக்குச் செல்வது கூடுமா, கூடாதா என்ற விவாதத்தை இங்கே எழுப்ப நான் விரும்பவில்லை. அதற்கு வேறு மேடைகள் இருக்கின்றன. ஓதிப் பார்ப்பவரும் சரி, மறுப்பவரும் சரி, அல்லாஹ் நிவாரணம் இல்லாத எந்த நோயையும் இறக்கவில்லை என்ற நபிமொழியை ஏற்பவர்கள்தாமே! நான் ஓதிக் கொடுக்கிறேன். ஓதி முடித்ததும், மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு எந்தப் பேருந்தில் ஏற வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லி அனுப்புகிறேன். அங்கே மருத்துவமும் மாத்திரையும் இலவசம்.

மாத்திரை பற்றிச் சில சொற்கள்

மனச்சோர்வுக்குத் தரப்படும் மாத்திரைகள் பாராசிட்டமால் போல அன்றே வேலை செய்வதில்லை. பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகலாம். இது தெரியாமல் பத்தாம் நாளில், "ஒரு குணமும் இல்லை" என்று நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. நன்றாகிவிட்டது, இனி எதற்கு என்று நிறுத்துகிறவர்கள் அதைவிட அதிகம். குணமான பின்னும் குறைந்தது ஆறு மாதங்களாவது தொடரச் சொல்வது மருத்துவ வழக்கம். மனச்சிதைவு, இருதுருவ மனநோய் ஆகியவற்றில் இன்னும் நெடுங்காலம் தேவைப்படும். நீரிழிவுக்கு ஆண்டுக் கணக்கில் மாத்திரை சாப்பிடும் நமக்கு இதில் மட்டும் ஏன் கூச்சம்?

ரமலான் மாதத்தைத் தனியே சொல்ல வேண்டும். இருதுருவ மனநோய்க்கு லித்தியம் என்ற மருந்து கொடுக்கப்படுகிறது. உடலில் நீர் வற்றினால் இரத்தத்தில் அதன் அளவு கூடி நஞ்சாக மாறக்கூடும். கை நடுக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம் ஆகியவை அதன் எச்சரிக்கைகள். ஆகவே பிறை பார்ப்பதற்குச் சில வாரங்கள் முன்னரே மருத்துவரைக் கண்டு, நோன்பு வைக்கலாமா, வைக்கலாம் என்றால் எந்த வேளையில் எவ்வளவு மருந்து என்று கேட்டு முடிவு செய்யுங்கள். சஹர் நேரத்தில் நீங்களாகவே மாத்திரையை மாற்றிக் கொள்ளாதீர்கள். நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு என்பது திருக்குர்ஆன் வகுத்த சட்டம். மனம் நோயுற்றவர் நோயாளி அல்லர் என்று எந்த இமாம் சொல்லியிருக்கிறார்?

பிள்ளை பெற்ற வீடுகளிலும் கவனம் தேவை. நாற்பது நாள் தீட்டுக் காலத்தில் தாய் அழுதுகொண்டே இருப்பதும், உறக்கமே இல்லாமல் பிதற்றுவதும், குழந்தையைக் கண்டு அஞ்சுவதும் ஜின்னின் சேட்டை என்று ஒதுக்கத்தக்கவை அல்ல. பேறுகாலத்தை ஒட்டி வரும் கடும் மனநோய் பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களில் தலைகாட்டும். அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அவசர நிலை அது. தாயையும் சேயையும் தனியே விடவே கூடாது.

வீட்டாரின் நாவு

இனி, இக்கட்டுரையின் உயிரான செய்திக்கு வருகிறேன். மருத்துவரையும் பார்த்தாகி விட்டது. மாத்திரையும் வாங்கியாகி விட்டது. அதன் பிறகு?

இலண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளர் 1950களில் ஒரு வியப்பான செய்தியைக் கவனித்தார். மனச்சிதைவு நோயிலிருந்து தேறி மருத்துவமனையை விட்டுச் சென்றவர்களில், பெற்றோருடனோ மனைவியுடனோ வாழச் சென்றவர்கள், வாடகை அறைகளில் தங்கியவர்களை விட அதிகமாக மீண்டும் நோய்ப்பட்டார்கள்! வீடு குணப்படுத்தும் என்றுதானே எண்ணியிருப்போம்? அவரும் தோழர்களும் அந்த வீடுகளுக்குள்ளே என்ன பேசப்படுகிறது என்பதை ஆராய்ந்தார்கள். 1972இல் வெளியிட்ட முடிவு இது: ஓயாமல் குறை சொல்லும் வீடுகள், வெறுப்பைக் காட்டும் வீடுகள், அளவு கடந்து தாங்கித் தலையிடும் வீடுகள் ஆகியவற்றுக்குத் திரும்பியவர்களில் நூற்றுக்கு 58 பேருக்கு ஒன்பது மாதங்களுக்குள் நோய் திரும்பியது. அமைதியான வீடுகளுக்குத் திரும்பியவர்களில் நூற்றுக்கு 16 பேருக்கே திரும்பியது. பின்னர் சண்டிகரிலும் இதுபோன்ற ஆய்வு நடந்தது. இலண்டனை விட நம் நாட்டுக் குடும்பங்களில் இவ்வகைக் கடும் பேச்சு குறைவு என்று 1987இல் அறிவித்தார்கள். நம் கூட்டுக் குடும்பங்களின் பொறுமைக்குக் கிடைத்த நற்சான்று அது. இன்றைய வீடுகளில் அந்தப் பொறுமை எவ்வளவு மீந்திருக்கிறது என்று நாம்தான் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

குடும்பத்தினால்தான் நோய் வந்தது என்று இதற்குப் பொருளில்லை. எந்தத் தாயும் அப்படித் தன்னை நொந்துகொள்ள வேண்டாம். நோயின் வேர் வேறு. காற்று பட்டால் மீண்டும் கனல்வது வேறு.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் மகனுக்கு இரண்டு முறை நோய் திரும்பியது. வாப்பா கெட்டவர் அல்லர். இருபது ஆண்டுகள் வளைகுடாவில் வெயிலில் உழைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். "உன் வயசில் நான் குடும்பத்தையே தூக்கிச் சுமந்தேன். நீ பகல் பன்னிரண்டு மணிவரை படுத்துக் கிடக்கிறாய்" என்பதை நாள்தோறும் சொல்லிவந்தார். மகனுக்கு ஊக்கம் ஊட்டுவதாகவே நம்பினார். உம்மாவோ இதற்கு நேர்மாறாக, இருபத்து மூன்று வயது மகனுக்குச் சோற்றைப் பிசைந்து ஊட்டி, கழிவறை வாசலில் காத்து நின்றார். மருத்துவர் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். எழுந்திருக்க இயலாமை சோம்பல் அல்ல, நோயின் ஒரு பகுதி என்று வாப்பாவுக்கு விளக்கினார். அவர் பேச்சைக் குறைத்தார். பள்ளிவாசலுக்குப் போகும்போது, "வருகிறாயா?" என்று ஒரு முறை மட்டும் கேட்பார், வரவில்லை என்றால் போய்விடுவார். உம்மா, கடையில் பால் வாங்கி வரும் வேலையை மகனிடம் ஒப்படைத்தார். இப்போது அந்தப் பையன் உறவினரின் கடையில் காலை வேளையில் கணக்கு எழுதுகிறான். மாலையில் ஓய்வு. இன்றும் மாத்திரை உண்டு. இன்றும் சில நாட்களில் குரல் கேட்பதாகச் சொல்கிறான். நோய் முற்றாக நீங்கிவிட்டது என்று நான் சொல்லவில்லை.

குரல் கேட்கிறது என்று சொல்பவரிடம் எப்படிப் பேசுவது? "அதெல்லாம் பொய்" என்று வாதிட்டு வென்றவர் எவருமில்லை. "ஆமாம், எனக்கும் கேட்கிறது" என்று ஒத்துப்பாடுவதும் தவறு. "உனக்குக் கேட்கிறது, அச்சமாக இருக்கிறது என்று தெரிகிறது. எனக்குக் கேட்கவில்லை. நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்று சொல்லலாம். குரலைத் தாழ்த்தி, ஒரு நேரத்தில் ஒரு செய்தியை மட்டும் பேசுங்கள். வீட்டில் நாலு பேர் சூழ்ந்து நின்று புத்தி சொல்வது கூடவே கூடாது.

மதீனாவில் அறிவில் சற்றுக் கோளாறுள்ள பெண்மணி ஒருவர் இருந்தார். அவர் பெருமானாரிடம் வந்து, தமக்கு ஒரு தேவை இருப்பதாகச் சொன்னார். நபி (ஸல்) அவர்கள் அவரை இன்னாரின் தாயே என்று மரியாதையுடன் அழைத்து, எந்தத் தெருவில் வேண்டுமோ அதை நீரே தேர்ந்துகொள்ளும், அங்கே வந்து கேட்கிறேன் என்றார்கள். அவ்வாறே வழியோரம் ஒதுங்கி நின்று, அவர் சொல்லி முடிக்கும் வரை கேட்டார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்ற இச்செய்தியை மாணவர்களுக்குப் பாடம் நடத்தும்போதெல்லாம் ஒன்றை எண்ணிக் கொள்வேன். ஓர் ஆட்சித் தலைவருக்கு அன்று எத்தனை அலுவல்கள் இருந்திருக்கும்! அப்பெண்மணி என்ன சொன்னார் என்பது அறிவிப்பில் இல்லை. அவரைக் கேட்டார்கள் என்பதே பதிவாகியிருக்கிறது.

வஸ்வாஸ் என்னும் தொல்லையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மார்க்கப் பற்றுள்ள வீடுகளில் இது பக்தியின் உருவில் வருகிறது. ஒளுச் செய்ய ஒரு மணி நேரம். தக்பீரைத் திரும்பத் திரும்பச் சொல்வது. உடையில் அசுத்தம் பட்டதோ என்று ஒரே நாளில் பலமுறை துவைப்பது. "எங்கள் பிள்ளைக்கு எவ்வளவு பேணுதல்!" என்று பெற்றோர் முதலில் பூரிக்கிறார்கள், பிறகு தண்ணீர்க் குழாயைப் பூட்டுகிறார்கள். இரண்டும் பயனற்றவை. "ஒளு கூடிவிட்டதா உம்மா?" என்று கேட்கும் ஒவ்வொரு முறையும் "கூடிவிட்டது" என்று உறுதி சொல்லிக் கொண்டே இருந்தால் நோய் தணிவதில்லை, வளர்கிறது. பழகிய மருத்துவரின் வழிகாட்டுதலுடன் அந்த உறுதிமொழியைச் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். இதற்கு மாத்திரையும் உண்டு, மனப்பயிற்சியும் உண்டு. ஐயத்தைப் பொருட்படுத்தாமல் தொழுகையைத் தொடர்க என்று ஃபிக்ஹு நூல்கள் கூறும் தீர்ப்பும் இந்த மருத்துவத்துக்குத் துணையாகவே அமைந்திருக்கிறது.

நிக்காஹ் நோய்க்கு மருந்தல்ல. "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று நோயை மறைத்து ஒரு பெண்ணின் வாழ்வையோ ஓர் ஆணின் வாழ்வையோ பணயம் வைப்பது பெரும் துரோகம். மணமான புதிதில் மாத்திரையை ஒளித்து ஒளித்துச் சாப்பிட்டு, பின்பு நிறுத்தி, நோய் முற்றித் தலாக்கில் முடிந்த நிகழ்ச்சிகளை நானறிவேன். உண்மையைச் சொல்லி, அறிந்து ஏற்றவரோடு நடந்த திருமணங்கள் நன்றாக இருப்பதையும் கண்டிருக்கிறேன்.

இன்னும் ஒன்று, இதைத் தயங்காமல் பேச வேண்டும். "நான் இருந்து என்ன பயன்?" என்று நோயாளி சொல்லத் தொடங்கினால், தற்கொலை ஹராம் என்ற உபதேசத்தை உடனே தொடங்காதீர்கள். அது அவருக்குத் தெரியும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்று நேரடியாக, மென்மையாகக் கேளுங்கள். கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது, மனச்சுமைதான் இறங்கும். தனியே விடாதீர்கள். பூச்சி மருந்தையும் மிகுதியான மாத்திரைகளையும் கைக்கெட்டாமல் அப்புறப்படுத்துங்கள். 14416 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசலாம். 2022 அக்டோபர் முதல் இயங்கும் இந்த அரசு உதவி எண், இரவு பகல் எந்நேரமும் தமிழிலும் கட்டணமின்றிப் பதில் சொல்கிறது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் கடும் மன நெருக்கடிக்கு ஆளானவராகவே கருத வேண்டும், தண்டிக்கலாகாது என்று மேற்சொன்ன 2017ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. போலீசுக்கு அஞ்சி மருத்துவமனைக்குக் கொண்டு போகாமல் இருந்துவிடாதீர்கள்.

கடைசியாக, கவனித்துக் கொள்பவரைப் பற்றி. நம் வீடுகளில் இச்சுமை பெரும்பாலும் ஒரு பெண்ணின் தலையிலேயே விழுகிறது. தாய், அல்லது மனைவி, அல்லது மணமாகாத ராத்தா. "சபூர் செய்யுங்கள், கூலி கிடைக்கும்" என்று நாம் எல்லோரும் அவருக்கு எளிதாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அவர் உறங்கினாரா, அவருடைய சர்க்கரை அளவு என்ன, கடைசியாக எப்போது வெளியே சென்றார் என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் தெருவில் மகளைப் பார்த்துக்கொண்டு ஆறு ஆண்டுகள் எந்த நிக்காஹ் வீட்டுக்கும் போகாதிருந்த ஒரு தாய் இருக்கிறார். சென்ற ஆண்டு பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருவர், யாரும் சொல்லாமலேயே, தைக்கத் துணி எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை தோறும் அங்கே போகத் தொடங்கினார். அந்த மகளோடு அதிகம் பேசுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தைப்பார். மகளும் சில நாட்களில் பித்தான் கட்டித் தருகிறாள். லுஹருக்கும் அஸருக்கும் இடைப்பட்ட அந்த நேரத்தில் தாயார் தம் தங்கை வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக உறங்குகிறார்.